கோழி கிளறிய மட்கு உரம்: எப்போது சலிப்பது, எப்போது கோழியை வெளியே நிறுத்துவது?

முற்றத்துக்காரி:
அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறத்தில் ஆறு முட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். கூட்டுக்குள் காய்ந்த இலையும் மரத்தூளும் பரப்பி ஆழ்கூளமாக வைத்திருக்கிறேன். அந்தக் கூளமும் சமையலறைக் கழிவும் தோட்டத்துத் தழையும் சேர்ந்து பக்கத்திலேயே ஒரு மட்குக் குவியலாகின்றன. கோழிகள் பகலெல்லாம் அந்தக் குவியலின் மேல்தான் இருக்கின்றன. இந்த முறை மட்கை நாற்று விடுவதற்குப் பயன்படுத்த ஆசை. சலிக்காமல் முடியாது என்று தெரிகிறது. ஆனால் எந்தக் கட்டத்தில் சலிப்பது? எந்த அளவுக் கண்ணுள்ள வலை வேண்டும்? கோழிகளைக் கடைசிவரை குவியலில் விடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வேலியோரம்:
உங்கள் மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விதான் முதலில் தீர வேண்டியது. அது தீர்ந்தால் மற்ற இரண்டுக்கும் விடை தானாக வந்துவிடும்.

கோழி முதலில், சூடு நடுவில், சல்லடை கடைசியில். இந்த வரிசை மாறக்கூடாது.

பச்சைக் கழிவு வந்து விழும் கட்டத்தில் கோழியைப் போல வேலை செய்யும் ஆள் கிடையாது. கவனித்துப் பாருங்கள்: வலக்காலால் ஒன்றிரண்டு இழுப்பு, இடக்காலால் ஒன்று, உடனே ஓரடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்து, கிளறிய இடத்தை ஒரு கண்ணால் பார்க்கும். கொத்தும். மறுபடி இழுக்கும். இப்படியே நாள் முழுவதும். இலை கிழிகிறது, ஒட்டிக்கிடக்கும் புல்கட்டி பிரிகிறது, ஈயின் புழுக்கள் வயிற்றுக்குள் போகின்றன, எச்சம் கூடவே கலக்கிறது. மனிதக் கை இதைச் செய்ய முனைந்தால் முதுகுதான் ஒடியும்.

ஆனால் அதே கால்கள் குவியலைக் குவியலாக இருக்கவிடாது. முழங்கால் உயரத்துக்குத் தட்டையாக்கிப் பரப்பிவிடும். குவியல் சூடேற வேண்டுமானால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ 1 மீட்டர் வேண்டும். அதற்குக் குறைந்தால் உள்ளே பிறக்கும் சூடு வெளியே ஓடிவிடுகிறது. ஆகவே கோழிகள் தம் பங்கு வேலையை முடித்த பின் பரப்பிக் கிடப்பதையெல்லாம் அள்ளி, கோழி ஏற முடியாத ஒரு தொட்டிக்குள் உயரமாக அடுக்குங்கள். அங்கிருந்து சல்லடை வரைக்கும் கோழிக்கு அனுமதி இல்லை.

கொண்டைச்சேவல்:
வேலியோரம் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுதாக ஏற்கவில்லை. சூடு ஏற்றியே ஆகவேண்டும் என்று என்ன கட்டாயம்? இரண்டு அடைப்பு வைத்து, ஒரு வருடம் ஒன்றில் கோழி, மறு வருடம் மற்றொன்றில் கோழி என்று மாற்றிக்கொண்டே போனால் மண்புழுவும் பூஞ்சையும் மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன. புரட்ட வேண்டாம், வெப்பமானியும் வேண்டாம். என் மரத்தடிக்கும் கொடிப் பாத்திகளுக்கும் இப்படிச் சூடேறாத குவியலில் வந்த மட்குதான். மண் கறுத்துப் பொலபொலவென்று இருக்கிறது. முதுகு வலிக்காத முறையைத்தான் பல ஆண்டுகள் விடாமல் செய்ய முடியும், அதை மறக்கக்கூடாது.

வேலியோரம்:
சூடேறாத குவியலும் மட்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. நான் பேசுவது மட்குவதைப் பற்றி அல்ல, கோழி எச்சத்தைப் பற்றி.

நோய் தெரியாத கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி இருக்கக்கூடும். குடற்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இவற்றை நம்பகமாகக் கொல்வது சூடு. 55 டிகிரி செல்சியஸுக்கு மேல், 65 வரை, சில நாள் தொடர்ந்து நிற்க வேண்டும். குவியலின் வெளித்தோல் எப்போதும் ஆறியே இருக்கும் என்பதால் வெளியே இருப்பதை உள்ளேயும் உள்ளே இருப்பதை வெளியேயும் மாற்றிப் புரட்ட வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள் திறந்தவெளிக் குவியலுக்கு 55 டிகிரிக்கு மேல் 15 நாள், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்டல் என்று கேட்கின்றன. வீட்டுத் தோட்டத்துக்கு யாரும் வந்து அளந்து பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அந்த எண்களுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது.

சூடேறாத மட்கைப் போடுவதென்றால் அது பச்சை எருவுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே விதிகளில் பச்சை எருவுக்கு, மண்ணைத் தொட்டு விளையும் பயிரானால் அறுவடைக்கு 120 நாள் முன்பும், மற்றவற்றுக்கு 90 நாள் முன்பும் போட்டு முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. பழமரத்தடியில் உங்கள் முறை தாராளமாகச் செல்லும். கீரைப் பாத்தியில் நான் ஒப்ப மாட்டேன்.

கொண்டைச்சேவல்:
கீரை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். என் அடைப்புகள் இரண்டின் மட்கும் மரங்களுக்கும் கொடிகளுக்கும் மட்டும்தான் போகிறது. நாற்று விடுவதற்குச் சூடு கண்ட மட்கு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தழைச்சத்து:
குவியல் சூடேறுவதும் ஏறாததும் கலவையைப் பொறுத்தது. அதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யக் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்குக்கு 1 பங்கு என்ற அளவில் இருக்க வேண்டும். கோழி எச்சத்தில் அது 10-க்கு 1 அல்லது அதற்கும் கீழே. காய்ந்த இலையில் 40 முதல் 80 வரை, வைக்கோலில் ஏறத்தாழ 80, மரத்தூளில் பல நூறு. எச்சம் மட்டும் மிகுந்தால் மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். மூக்கில் ஏறும் அந்தக் காரம் வெறும் நாற்றமன்று, உங்கள் செடிக்குப் போகவேண்டிய உரம்.

ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் ஈர எச்சம் இடும். ஆறு கோழிக்கு வாரம் 4 கிலோவுக்கு மேல். கன அளவில் எச்சம் ஒரு பங்கென்றால் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்காவது சேருங்கள். மரத்தூள் மட்டும் போட்டால் கரிமம் ஏராளமாக இருக்கும், ஆனால் அது சீக்கிரம் மசியாது. நுணுக்கமான தூள் அமுங்கிக் காற்றையும் அடைத்துவிடும். இலையோடு கலந்து பயன்படுத்துங்கள்.

ஈரம்: ஒரு பிடி அள்ளி இறுக்கினால் விரலிடையில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும், ஒழுகக்கூடாது. அது 50 முதல் 60 சதவீத ஈரம்.

கூட்டைச் சோதிக்க நின்றபடி முகர்ந்து பயனில்லை. கோழி படுக்கும் உயரத்துக்குக் குனிந்து முகருங்கள். அங்கே கண் எரிந்தால் கோழிக்கு இரவு முழுவதும் எரிகிறது என்று பொருள். கண்ணும் மூச்சுக்குழாயும் கெடும். உடனே கூளம் சேர்த்துக் கிளறிவிடுங்கள், கூட்டின் மேற்பக்கத்தில் காற்றுக்கு வழி வையுங்கள்.

முற்றத்துக்காரி:
மிகத் தெளிவாக இருக்கிறது, நன்றி. மழை பெய்த மறுநாள் கூட்டில் அந்தக் காரநெடி வருவதை நானும் கவனித்திருக்கிறேன். ஒழுகும் மூலையைச் சரிசெய்தால் பாதி தீரும் போலிருக்கிறது. இனி சல்லடைக்கு வருவோமா?

நாற்றங்கால்:
இதற்காகத்தான் காத்திருந்தேன். எனக்கு மட்குத் தயாரிப்பில் மிகவும் பிடித்த வேலை சலிப்பதுதான்.

முதலில் ஒன்று. எல்லாவற்றையும் சலிக்க வேண்டாம். பாத்திக்கும் மரத்தடிக்கும் போவதைச் சலிப்பது வீண் உழைப்பு. அங்கே சிறு குச்சியும் அரைகுறை இலையும் கிடந்தால் நல்லதே, மண்ணுக்குள் காற்று நுழையும். நாற்றுத் தட்டு, சிறு தொட்டி, விதை மேல் தூவும் மூடுமண் ஆகியவற்றுக்குத்தான் சல்லடை.

வலை: 12 மில்லிமீட்டர் கண் ஒன்று, 6 மில்லிமீட்டர் கண் ஒன்று. பெரிய கண்ணில் முதலில் போட்டுக் குச்சி, கல், எலும்பு எல்லாம் பிரித்துவிட்டு, விழுந்ததை மட்டும் சிறிய கண்ணில் போடுங்கள். நேரடியாகச் சிறிய கண்ணில் கொட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் நின்று கையால் துழாவ வேண்டியிருக்கும். தொட்டிச் செடிக்கு 12 போதும், விதைக்கு 6 வேண்டும். கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை இதற்கு ஆகாது. பாரம் தாங்காமல் தொய்ந்து, கண் விரிந்துவிடும். பற்றவைத்த சதுரக் கண் வலையே வாங்குங்கள்.

சட்டம்: நான்கு பலகைகளைச் சதுரமாக அடித்து, அடியில் வலையை இழுத்துப் பொருத்தி, வலையின் ஓரத்தை மெல்லிய பட்டி வைத்து மறைத்துவிடுங்கள். மறைக்காத கம்பி முனை கையைக் கிழிக்கும். சட்டம் உங்கள் தள்ளுவண்டியின் விளிம்பில் உட்காரும் அளவில் இருந்தால் சலித்தது நேராக வண்டிக்குள் விழும். அளவு மிகுந்த குவியலுக்குச் சட்டத்தை 45 டிகிரி போலச் சாய்த்து நிறுத்தி, மண்வெட்டியால் மேலிருந்து எறியலாம். நுண்பகுதி பின்னால் விழும், கண்ணில் நுழையாத கப்பி முன்னால் உருண்டு வரும்.

ஈரம்தான் இதில் எல்லாமே. குவியலிலிருந்து எடுத்த உடனே சலித்தால் கண்ணெல்லாம் அடைபடும், மட்கு உருண்டை உருண்டையாகத் திரண்டுகொள்ளும். தார்ப்பாயில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, வெயிலும் நிழலும் கலந்த இடத்தில் ஆறவிடுங்கள். கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும். அதே நேரம் புழுதி பறக்கும் அளவுக்குக் காயவும் விடாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவிலான பதத்தைப் பிடித்துவிட்டால் சட்டத்தை இருமுறை அசைப்பதற்குள் கருமையான பொடி சரசரவென்று இறங்கும். கம்பிகள் தெளிவாகத் தெரியும். மேலே கப்பி மட்டும் குதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்டே அடுத்த கூடையைக் கொட்டலாம்: பொடி இருக்கும்வரை மந்தமாக ஒலிக்கும், தீர்ந்ததும் கப்பி வலையில் மோதும் சத்தம் கணீரென்று வரும்.

கொண்டைச்சேவல்:
இதில் உங்களோடு முழு உடன்பாடு. பாத்திக்குப் போவதைச் சலித்துச் சலித்து ஓய்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். கப்பியை என்ன செய்கிறீர்கள்? நான் கோழிகளுக்கே திரும்பப் போட்டுவிடுவேன். அவை மிச்சத்தையும் கிளறி உடைத்துவிடும்.

நாற்றங்கால்:
நான் அடுத்த குவியலுக்குப் போடுகிறேன். கப்பி முழுவதும் நுண்ணுயிர் ஏறியிருக்கிறது. புதுக் கழிவோடு கலந்தால் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். கட்டையான குச்சிகள் அடியில் கிடந்தால் காற்றும் போகும்.

மண்புழு:
கப்பியைக் கோழிக்குப் போடுமுன் ஒரு வார்த்தை. சல்லடையின் மேல் தங்குவது குச்சி மட்டுமல்ல. கண்ணாடித் துண்டு, பழ ஒட்டுத்தாள், நூல், பிளாஸ்டிக் கயிறு, ஆணி, கம்பித் துண்டு எல்லாம் அங்கேதான் தங்கும். கோழிக்குப் பளபளப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது. விழுங்கிய கம்பி அரைவைப்பையில் தங்கிக் குத்தும். துத்தநாகம் பூசிய கம்பியானால் உடலில் நஞ்சும் ஏறும். நூலும் நீளமான புல்லும் தீனிப்பையில் பந்தாகச் சுருண்டு அடைக்கும். சட்டம் செய்யும்போது நறுக்கி விழும் வலைத் துண்டுகளை ஒரு காந்தத்தால் அன்றே பொறுக்கிவிடுங்கள். கப்பியின் மேலும் ஒருமுறை காந்தத்தை ஓட்டுங்கள்.

இன்னொன்று, வேலியோரம் சொன்ன வரிசைக்கு வலு சேர்ப்பது. சலிக்கும்போது மண்புழு நிறைய மேலே வரும். அள்ளிக் கோழிக்குப் போடத் தோன்றும். கோழி எச்சம் கலந்து சூடு காணாத குவியலின் மண்புழு, கோழியின் குடற்புழுக்களையும் மூச்சுக்குழாய்ப் புழுவையும் தன் உடலில் சுமந்துகொண்டு இருக்கக்கூடும். சூடு கண்டு ஆறிய குவியலில் அந்த அபாயம் மிகவும் குறைவு. எப்படியானாலும் நான் புழுக்களைத் திரும்பக் குவியலுக்கே விடுவேன். சலிக்குமுன் மட்கை வெளிச்சத்தில் சிறு கூம்பாகக் குவித்து வையுங்கள்; வெளிச்சம் பிடிக்காமல் அவை அடிக்கு இறங்கிவிடும். மேலிருந்து வழித்து வழித்துச் சலித்துக்கொண்டு வந்தால் கடைசியில் புழுக்கள் ஒரு கைப்பிடியாக மிஞ்சும்.

முகக்கவசம் போடாமல் சலிக்காதீர்கள். பூஞ்சை வித்துகள் புழுதியோடு பறக்கும். மட்கிலும் தொட்டி மண்ணிலும் வாழும் ஒருவகை லெஜியோனெல்லா கிருமி நுரையீரலைத் தாக்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நில்லுங்கள், முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவுங்கள். கோழிகளையும் அந்த நேரத்தில் தள்ளி அடையுங்கள்; அவற்றின் மூச்சுப் பைகளில் பூஞ்சை பிடித்தால் குணப்படுத்துவது கடினம்.

முற்றத்துக்காரி:
காந்தம் எனக்குத் தோன்றியே இருக்காது. சமையலறைக் கழிவில் எதையெல்லாம் கோழி இருக்கும் குவியலில் போடக்கூடாது?

மண்புழு:
பூசணம் பிடித்தது எதுவும் வேண்டாம். வெண்ணெய்ப்பழத்தின் தோலும் கொட்டையும், பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு, வேகாத உலர் பயறு வகைகள், உப்பு மிகுந்த மிச்சங்கள், காபித் தூள் ஆகியவற்றைக் கோழி எட்டாத மூடிய தொட்டியில் நேராகப் போடுங்கள். இறைச்சியை எந்தக் குவியலிலும் நான் போடுவதில்லை. அழுகிய இறைச்சியில் நெளியும் புழுவைத் தின்னும் கோழிக்குக் கழுத்து துவண்டு விழும் வாதம் வரும். அந்த நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். எலியும் அதே வாசனைக்குத்தான் வரும்.

தழைச்சத்து:
சலித்த மட்கை நாற்றுக்கு அப்படியே பயன்படுத்திவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முட்டைக் கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் சுண்ணாம்புச் சத்து இருக்கும். அதில் ஒரு பகுதி எச்சத்தில் வெளியேறுகிறது. அதனால் இந்த மட்கு காரத்தன்மை கொண்டது. உப்பும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கூடுதல். முளைக்கும் வேர் இதைத் தாங்காது. தென்னை நார்க்கழிவும் மணலும் பெரும்பகுதியாக வைத்து, மட்கு கால் பங்குக்கு மேல் போகாமல் கலக்குங்கள். அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடிகளுக்கு இது ஏற்றதல்ல. ஒரே பாத்தியில் வருடா வருடம் கனமாகப் போட்டால் மணிச்சத்து தேங்கிக்கொண்டே போகும், இடம் மாற்றிப் போடுங்கள்.

சலிக்குமுன் மட்கு முதிர்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி: கொஞ்சம் ஈர மட்கை இறுக மூடும் பையில் சில நாள் வைத்துத் திறந்து முகருங்கள். மழை நனைத்த மண்ணின் மணம் வந்தால் சரி. அம்மோனியாவோ புளிப்போ அடித்தால் இன்னும் ஓரிரு மாதம் ஆறட்டும்.

நாற்றங்கால்:
அதோடு ஒரு விதைச் சோதனையும் செய்யுங்கள், குறிப்பாக வைக்கோலோ காய்ந்த புல்லோ வெளியிலிருந்து வாங்கியவர்கள். அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கும் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற சில மருந்துகள் வைக்கோலில் தங்கி, மட்கிய பிறகும் அழியாமல் இருக்கும். எத்தனை டிகிரி சூடேற்றினாலும் அவை போவதில்லை, சல்லடையிலும் நிற்காது. கலவையில் சில அவரை விதைகளை ஊன்றுங்கள். வெறும் நார்க்கழிவில் சிலவற்றை ஊன்றி அருகருகே வளருங்கள். மூன்றாம் நான்காம் இலை விரியும்போது மட்குத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணமாகச் சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டால் அந்த மட்கைத் தக்காளி, அவரை, கத்தரிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். புல்தரைக்குப் போடலாம்.

முற்றத்துக்காரி:
அப்படியானால் என் ஏற்பாடு இப்படி: கோழிகள் திறந்த பக்கத்தில் கிளறும், நிறைந்ததும் அள்ளி மூடிய தொட்டியில் 1 மீட்டர் உயரத்துக்கு அடுக்கி, ஈரம் பார்த்து, வெப்பமானி வைத்துப் புரட்டுவேன், ஆறி முதிர்ந்த பின் பாதி நேராகப் பாத்திக்கு, பாதி 12, பிறகு 6 கண்ணில். கப்பி காந்தம் கண்டு அடுத்த குவியலுக்கு. இரண்டு சந்தேகம் மிச்சம். எலி தொட்டிக்குள் வராமல் எப்படித் தடுப்பது? சலித்ததை எங்கே வைப்பது?

வேலியோரம்:
தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் சல்லடைக்கு வாங்கும் அதே 6 மில்லிமீட்டர் சதுர வலையை அடியுங்கள். அடியைத் திறந்துவிட்டால் எலி மண்ணைக் குடைந்து உள்ளே வரும். மண்புழு அந்தக் கண் வழியாகத் தாராளமாக ஏறி இறங்கும். கோழித் தீவனத்தை இரவில் வெளியே விடாதீர்கள். எலி முதலில் வருவது அதற்குத்தான், மட்குத் தொட்டியை அதன் பிறகே கண்டுபிடிக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை புரட்டும் குவியலில் எலி கூடு கட்டாது.

நாற்றங்கால்:
சலித்த மட்குக்குக் காற்று வேண்டும். இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில் புளித்துவிடும். நெய்த சாக்கில் நிரப்பி, மழை படாத இடத்தில், தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். முழுதாகக் காய்ந்துபோக விடாமல் எப்போதாவது லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

கோழி எட்டும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். நன்றாகச் சலித்த உலர் மட்கைப் பார்த்தால் அவை நேராக உள்ளே இறங்கி, இறகை விரித்து மண் குளியல் போட ஆரம்பித்துவிடும்; இட்ட எச்சத்தோடு எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டிவரும். அவற்றுக்கென்று உலர் மண்ணும் மணலும் கலந்து தனியாக ஒரு தொட்டி நிழலில் வைத்துவிடுங்கள், சாக்குப் பக்கம் வராது.

முற்றத்துக்காரி:
தனித் தொட்டிக்கு இடம் பார்த்துவிட்டேன், கூட்டின் கிழக்குப் பக்கம் கூரை நீண்டிருக்கிறது. வலையும் பலகையும் வாங்கி அளவெடுத்த பிறகு சட்டத்தின் படம் போடுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்.